அறுபது தேங்காயும் ஓர் அனுமதிச் சீட்டும்

பனாமா நகரம்,
நவம்பர் 11, 1996

அன்பு நெல்வா,

உன் நாற்காலியில் இன்று ஒருவன் பையைக் கொண்டுவந்து வைத்தான். எடுடா என்றேன். "ஆள் இல்லாத நாற்காலிதானே?" என்று முறைத்தான். விடுமுறை முடிந்து வியாழக்கிழமை வந்துவிடுவாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அந்த வியாழன் போய், இதோ இன்னொரு திங்களும் வந்துவிட்டது. பேராசிரியர் கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் இரண்டு முறை இருமிக் காட்டு.

பாடக் குறிப்புகளைப் பிரதியெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை, கடைசித் தேர்வு. அது தவறினால் பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், ஜனவரியில் மீன்வள நிலையத்தில் உனக்கென்று வைத்திருக்கும் வேலை வேறு யாருக்கோ போய்விடும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். உன் தீவிலிருந்து முதல் கடலுயிரியல்காரி நீதான் என்று விமான ஓட்டி வரைக்கும் பெருமை பேசினாய், மறந்துவிடாதே.

அந்த மூன்று நாட்களைப் பற்றி விடுதியில் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன். தேங்காய்ப்பாலில் கொதித்த மீனும் வாழைக்காயும் இப்போது நினைத்தாலும் நாக்கில் நிற்கிறது. உன் சித்தப்பா எலிசியோ எனக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்ததும், படகு ஒரே இடத்தில் சுற்றியதும், "சோளத்தலை, நீ போற வேகத்துக்கு நண்டு முந்திக்கும்" என்று அவர் சிரித்ததும் எல்லோருக்கும் மனப்பாடம். என் மஞ்சள் முடிக்கு அவர் வைத்த பெயரை இங்கேயும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

படங்கள் கழுவி வந்துவிட்டன. கரையில் எடுத்தது நன்றாக விழுந்திருக்கிறது. ஒரு பிரதியை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்புறம், கிளம்புகிற அன்று படகுத்துறையில் ஏதோ சத்தமாக இருந்ததே? விமானத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் எனக்கு ஒன்றும் சரியாகப் புரியவில்லை. எல்லாம் அடங்கிவிட்டதுதானே?

உடனே எழுது. இல்லையென்றால் உடனே வா.

உன் அறைத்தோழி,
சபேலா

*

உர்காந்துப் தீவு,
நவம்பர் 18

சபேலா,

எனக்குக் காய்ச்சல் இல்லை. பாடக் குறிப்புகள் வந்தன.

படகுத்துறையில் ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஊர்ச் செயலாளர் ருத்தீலியோ உன்னிடம் பேசியது உன் மொழியில். உன் ஊரில் பேசுகிற அதே ஸ்பானிய மொழி. மறந்துவிட்டதென்றால் ஞாபகப்படுத்துகிறேன். "ஏம்மா, நேத்து தென்னந்தீவுல காய யாராச்சும் பொறுக்குனதப் பாத்தியா?" என்று கேட்டார். நீ, "நான் பாக்கல. தூங்கிட்டு இருந்தேன்" என்றாய். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுதளத்துக்குப் போகிற படகில் ஏறிவிட்டாய். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றேன். பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். அந்தச் சின்னத் தென்னந்தீவில் இருப்பவை நான்கு வீட்டு மரங்கள். மாதத்துக்கு ஒரு வீடு முறை போட்டுக் காவல் இருக்கும். நவம்பர் எங்கள் வீட்டு முறை, சித்தப்பாதான் காவல். விழுந்த காயை விழுந்த இடத்திலேயே விட்டுவைப்போம். எந்த மரத்தடியில் கிடக்கிறதோ அந்த மரத்துக்காரர் வந்து எடுத்துக்கொள்வார். காய் இடம் மாறினால் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பானிய மொழியில் உன் பெயரின் ஆறு எழுத்துக்கு நீ அறுபது காய்களை எடுத்து மணலில் அடுக்கினாய். அன்று மாலை அலை வந்து எழுத்தைக் கலைத்துவிட்டது. பாதியைக் கடல் கொண்டுபோனது. மீதி, கொலம்பிய வியாபாரிப் படகு வந்து நிற்கிற இடத்தில் போய்க் குவிந்தது.

மறுநாள் காலையில் இக்வதிலி அத்தை தன் காய்களை எடுக்கப் போயிருக்கிறாள். மரத்தடியெல்லாம் துடைத்துவிட்டது போலக் காலி. வியாபாரிப் படகுத் துறையில் குவியல். அவள் என்ன நினைப்பாள்? ஊர் என்ன நினைக்கும்? காவலுக்கு இருந்தவனே திருட்டுத்தனமாக விற்கச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று நினைத்தார்கள். விருந்தாளி தூங்கிக்கொண்டிருந்தாள் என்று செயலாளரின் நோட்டில் எழுதியிருக்கிறது. என்னையும் கேட்டார்கள். சித்தியோடு சமையலில் இருந்தேன் என்றேன். விருந்தாளியைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. அப்படியானால் அந்தப் பக்கம் இருந்தது சித்தப்பா ஒருவர்தான்.

அவர் வேறு தீவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. இருபது வருடமாகப் பெண் வீட்டுக்கு உழைத்த மனிதர். இந்த விவகாரம் தீரும்வரை எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் தீவைவிட்டு வெளியே போகக்கூடாது. செயலாளர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் என்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதனால்தான் என் நாற்காலி காலியாக இருக்கிறது.

உன் அம்மாவின் கடற்கரையைப் பற்றி விடுதியில் மணிக்கணக்காகப் பேசுவாயே! வெயில்காலத்தில் வாளியோடு வந்து மட்டி பொறுக்குகிற நகரத்துக்காரர்களை உன் அம்மா எப்படி விரட்டுவாள் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டுவாயே! உனக்கா இதெல்லாம் தெரியாது?

நெல்வா

*

பனாமா நகரம்,
நவம்பர் 22

நெல்வா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன்.

நான் திருடவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்கிறேன், பிறகு மற்றதை. ஒரு காயைக்கூட எடுத்துப்போகவில்லை. அடுக்கினேன், படம் எடுத்தாயிற்று, மதியச் சாப்பாட்டுக்கு ஓடினோம். அலை வந்து கலைக்கும் என்றோ, கலைத்தால் இவ்வளவு ஆகும் என்றோ எனக்கு எப்படித் தெரியும்? நான்கு வீட்டு மரங்கள் என்று இப்போது எழுதுகிறாய். விடுதியில் நீ சொன்னதெல்லாம் "எங்க தீவு". உன் வாயில் வேறு பெயரை நான் கேட்டதில்லை.

எழுத எழுத நான் சண்டைக்கு நிற்பது எனக்கே தெரிகிறது. இருந்தாலும் இந்தத் தாளைக் கிழிக்காமல் தொடர்கிறேன்.

துறையில் பொய் சொன்னேன். ஆமாம். கேட்டது புரிந்தது. பயந்துவிட்டேன். அவ்வளவு பேர் சுற்றி நின்றார்கள், அந்த அம்மாள் கத்திக்கொண்டிருந்தாள், விமானம் காத்திருந்தது. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைத்து ஒரு வார்த்தை சொன்னேன். அது உன் சித்தப்பாவின் தலையில் விழும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். செயலாளருக்கு. காய்களை எடுத்தது நான், எலிசியோவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு. தேர்வுக்கு இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால், யாராவது படகுக்காரரைப் பிடித்து எதிர்க்கரைக்கு வந்துவிடேன். அங்கிருந்து லாரிப் பாதை இருக்கிறதே. தேர்வை எழுதிவிட்டுத் திரும்பிப் போய்க்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. முதல் காயைக் கையில் எடுத்ததும் நான் உன் பக்கம் திரும்பி, "இதெல்லாம் உங்க வீட்டுதா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் கடற்கரையில் கிடக்கும் எதையும் கேட்காமல் தொடமாட்டோம், அதனால் கேட்டேன். நீ கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தாய். நீ என்ன சொன்னாய், நெல்வா?

சபேலா

*

உர்காந்துப்,
நவம்பர் 27

சபேலா,

ஓடி வரச் சொல்கிறாய். சீட்டு இல்லாமல், ராத்திரி திருடி போல, எவனோ ஒருவனின் படகில் ஒளிந்து. வந்து தேர்வு எழுதி, பட்டம் வாங்கி, மீன்வள நிலையத்தில் உட்கார்ந்து கடல் வளத்தை எப்படிக் காப்பது என்று அறிக்கை எழுதச் சொல்கிறாய். இங்கே சித்தப்பா எந்த முகத்தோடு நடப்பார்? திருடன் வீட்டுப் பெண் ஓடிப்போனாள் என்று அதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

உன் தாளைச் செயலாளரிடம் கொடுக்கவில்லை. பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "ஒருத்தங்க கடுதாசியில ஒத்துக்கிட்டா செல்லுமா?" என்றேன். ருத்தீலியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கடுதாசியத் திருப்பி ஒரு கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? தபால்காரனா?" என்றார். எங்கள் ஊர்க்கூட்ட வீட்டில் எதுவாக இருந்தாலும் நின்று வாயால் சொல்ல வேண்டும். தலைவர்கள் இரண்டு தூணுக்கு நடுவில் கட்டிய தூளியில் படுத்துக் கேட்பார்கள், ஊர் முழுக்கப் பலகையில் உட்கார்ந்து கேட்கும். கேட்கிற கேள்விக்கெல்லாம் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது.

சித்தப்பா மூன்று மாலை நின்றார். "நான் எடுக்கல" என்று மட்டும் சொன்னார். "அப்ப யாரு எடுத்தா?" என்றால், "தெரியாதத எப்படிச் சொல்ல?" என்றார். நான்காம் நாளிலிருந்து அவர் போகவில்லை. மீன் பிடிக்கவும் போவதில்லை. காவல் முறையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தூளியில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். நேற்று இரண்டு பொடிசுகள் வாசலில் நின்று ஆளுக்கொரு தேங்காயைக் கையில் வைத்து ஆட்டிக் காட்டின. சித்தி துடைப்பத்தோடு ஓடினாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. யாரைக் கண்டாலும் கிண்டல் செய்கிற மனிதர், சபேலா. இப்போது என்னைக் கண்டால், "பரீட்சைக்குப் படிக்கிறியாம்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

மழை நிற்கவில்லை. குறிப்புகளில் பவளப் பாடம் இரண்டு பக்கம் குறைகிறது.

நீ வருவதானால் வா. வரமாட்டாய் என்றால் அதையாவது நேராக எழுது.

நெல்வா

*

பனாமா நகரம்,
டிசம்பர் 2

நெல்வா,

பவளப் பாடத்தின் இரண்டு பக்கமும் இதில் இருக்கின்றன.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இனி கேட்கமாட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா தொலைபேசியில் பேசும் நாள். விடுதி வராந்தாவில் வரிசையில் நின்று ஃபோனை எடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம், கலீசியாவில், குளிர் தொடங்கிவிட்டதாம், கிறிஸ்துமஸுக்கு மட்டி விலை ஏறியிருக்கிறதாம், விரலெல்லாம் வெடித்திருக்கிறதாம். எப்போதும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். பிறகு, "படம் வந்துச்சு" என்றாள்.

"நல்லாருக்காம்மா?"

"நல்லாத்தான் இருக்க. இளைச்சிருக்க. மகள் படம்னு எங்க மட்டிச் சங்கத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். எடை போடுற இடத்துல எல்லார்கிட்டயும் காட்டினேன். கார்மினா வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு, 'இத்தன காயும் யாருதுடி?'னு கேட்டா."

"கீழ விழுந்து கிடந்ததும்மா."

"மட்டியும் மண்ணுலதான் கிடக்கு" என்றாள் அம்மா. "நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். நாங்கள் பத்து பேர் விரட்டுகிற ஆட்களில் என் மகளும் ஒருத்தியா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் கேட்டது. "அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

இப்போது துறையில் நடந்ததைச் சரியாகச் சொல்கிறேன். பயந்தேன் என்று எழுதியது பாதி உண்மை. அந்த அம்மாள் கத்தினாளே, இக்வதிலி அத்தை, அவள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் குரல் தெரிந்த குரல். இடுப்பில் கை வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, கண் கலங்கிக்கொண்டே கத்துவது என் அம்மாவின் கத்தல். நான் ஏழு வயதிலிருந்து அந்தக் கத்தலுக்குப் பின்னால், அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாளிக்காரர்கள் அசட்டுச் சிரிப்போடு, "எங்களுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். அவர்களைக் காறித் துப்பியிருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக அந்தக் கத்தலுக்கு எதிரே நின்றேன். இந்தப் பக்கம் நிற்பவள் நான் என்று என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. அதனால் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி அந்த இடத்திலிருந்தே என்னை அழித்துக்கொண்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாப்பிடும்போதும், வகுப்பில் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரும்போதும், பல் துலக்கும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படுகிறேன் என்று எழுதுவதால் நல்லவளாகிவிடமாட்டேன் என்பதும் தெரியும்.

சனிக்கிழமை காலை விமானத்தில் வருகிறேன். அன்று மாலையே என்னைக் கூட்டத்தில் நிறுத்தச் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். உங்கள் மொழி எனக்குத் தெரியாது, பெரியவர்களுக்கு ஸ்பானிய மொழி வராது. யாராவது என் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும். உனக்குச் சம்மதமானால் நீயே சொல்.

வருகிறேன்.

சபேலா

*

பனாமா நகரம்,
டிசம்பர் 9

அன்பு நெல்வா,

விமானத்திலிருந்து இறங்கி முகம்கூடக் கழுவவில்லை. மணல் ஒட்டிய காலோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூட்ட வீட்டில் பெண்கள் பலகையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டே கேட்டார்கள் அல்லவா? நான் வாய் திறந்ததும் ஊசிகள் நின்றுவிட்டன. அத்தனை கையும் அப்படியே நின்றதைப் பார்த்து எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தேன். திருடிக்குத் தண்ணீர் வேறா என்று தோன்றிவிட்டது. நீ பக்கத்தில் நின்று மாற்றிச் சொல்லச் சொல்ல, உன் குரல் நடுங்கியது. என்னால் உனக்கும் சங்கடம்.

உன் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "துடுப்பு பிடிச்ச காய்ப்பையே காணோம், இந்தக் கை எங்க அறுபது காய தூக்குச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக மன்னிக்கிறவரை ஐந்து வாரம் தூளியில் படுக்க வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கும் நேற்று தீவிலேயே எழுதி, வருகிற வழியில் தபாலில் போட்டுவிட்டேன். கார்மினாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னேன்.

செயலாளர் உன் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். வியாழக்கிழமை விமானத்தில் வந்துவிடு. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும், இரண்டு பேரும் உட்கார்ந்து முடித்துவிடலாம். விமானத்தளத்தில் வந்து நிற்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கூட்டம் கலையும்போது இக்வதிலி அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேராக ஏதோ சொன்னாள். கோபமாகத் தெரியவில்லை. நீ அதை மாற்றிச் சொல்லவில்லை. அவள் என்ன சொன்னாள்?

சபேலா

*

உர்காந்துப்,
டிசம்பர் 12, வியாழன் காலை

அன்பு சபேலா,

நான் வரவேண்டிய விமானத்தில் இந்தக் கடிதம் வருகிறது. ஓட்டியின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். விமானத்தளத்தில் நீ நிற்பாய் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் முடியைத் தேடச் சொன்னேன்.

இக்வதிலி அத்தை சொன்னது இதுதான்: "இந்தப் பொண்ணு இன்னமும் பொய்தான் சொல்லுது. யாரையோ மூடி மறைக்குது." சொல்லிவிட்டு அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நீ காயைக் கையில் வைத்து, "இதெல்லாம் உங்க வீட்டுதா?" என்று கேட்டாய். நான் கேமராவை எடுக்காமலே, "ஆமா, எடு எடு. இன்னும் நாலு அந்தப் பக்கம் கிடக்கு பாரு" என்றேன். அந்த நாலும் இக்வதிலி அத்தையுடையவை. எனக்கு அப்போதே தெரியும். அந்தத் தீவில் எங்களுக்கு இருப்பது பின்பக்கம், சேற்றோரமாக, ஒன்பது மரங்கள். விடுதியில் எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசும்போது, எங்களுக்கு ஒரு தீவு இருக்கிறது என்று ஒருநாள் வாயில் வந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தீர்கள். பிறகு அதை எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. உன்னை அங்கே கூட்டி வந்து நிறுத்திவிட்டு, "இல்லடி, இது நம்மது இல்ல" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு படம்தானே, மதியத்துக்குள் எடுத்து எடுத்து அந்தந்த மரத்தடியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டோம். மறந்துவிட்டேன்.

விருந்தாளியைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை என்று உனக்கு எழுதினேன். காட்டிக் கொடுக்காமல் விட்டது என்னைத்தான். உன் மேல் கோபமாகக் கடிதம் எழுத எழுத எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபப்படுகிறவள் குற்றவாளி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கேள்வியைப் படித்த அன்று கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தக் கேள்வியே வராதது போல உனக்குப் பதில் எழுதினேன். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழ், சித்தப்பா என்னிடம் படிக்கிறியாம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தலைவர் கேட்டார்: "யாராச்சும் எடுக்கலாம்னு உன்கிட்ட சொன்னாங்களா?" அதை உன்னிடம் ஸ்பானிய மொழியில் கேட்டவள் நான். உன் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன். நீ என்னைப் பார்த்தாய். சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். "யாரும் சொல்லல. நானா எடுத்தேன்" என்றாய். அதை நான் எங்கள் மொழியில் திரும்ப ஊருக்குச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சரியாகச் சொன்னேன். என் சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தார், அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், நீ எனக்காகச் சொன்ன பொய்யை என் வாயாலேயே அத்தனை பேருக்கும் சொன்னேன். குரல் நடுங்கியதை நீ கவனித்திருக்கிறாய். நீ உனக்காக என்று நினைத்துக்கொண்டாய்.

ஐந்து நாட்களாகச் சீட்டு என் கையில் இருக்கிறது. ருத்தீலியோ கையெழுத்துப் போட்டு, "போய்ட்டு வாம்மா, பட்டத்தோட வா" என்று கொடுத்தார். பெட்டி கட்டினேன். அம்மா உனக்கென்று காய்ந்த மீன் கட்டி வைத்தாள். நேற்று சித்தப்பா தானே என்னை ஓடுதளத்துக்குப் படகில் கொண்டு விடுவதாகச் சொன்னார். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகப் படகைக் கழுவினார். சோளத்தலைக்கு ஒரு துடுப்பு செய்து வைக்கப் போகிறேன், கேட்டதாகச் சொல் என்றார். அவர் படகில் ஏறி உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போக என்னால் முடியாது.

காலையில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ருத்தீலியோ ஏன் என்று கேட்டார். மாலையில் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அவர் நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார். ஊரிடம் இரண்டு முறை பொய் சொன்னவளுக்கு இந்த வருடம் சீட்டு கிடைக்காது, அது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை தேர்வு நடக்கும்போது நான் இங்கேதான் இருப்பேன். மீன்வள நிலையத்துக்கு நீயே போய்ச் சொல்லிவிடு. காரணம் கேட்டால் உள்ளதைச் சொல். இன்னொரு முறை எனக்காக எதையும் மறைக்காதே, சபேலா. அதை என்னால் தாங்க முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசிகள் நின்றதாக நீ எழுதினாயே, காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்று மாலை என் பேச்சை மாற்றிச் சொல்ல யாரும் வேண்டாம்.

நெல்வா